சிறிய பீம் ஒரு வெட்டில் விறைக்கிறது, இன்னொரு வெட்டில் தளர்கிறது: நுண்ணமைப்புப் பொருட்களில் அளவு விளைவைக் கணக்கிட எந்த முறை?

தேனடை எழுதியது:

வணக்கம். முனைவர் பட்ட ஆய்வில் இருக்கிறேன். ஒழுங்கான வட்டத் துளைகள் கொண்ட பாலிமர் பீம்கள்தான் என் பொருள். ஒரு சதுரச் செல், அதன் நடுவே ஒரு துளை. அந்தச் செல்லையே நெடுக்கிலும் குறுக்கிலும் அடுக்கினால் பீம். உயரத்தில் ஒரு செல், இரண்டு, நான்கு, எட்டு என்று மாற்றிப் பார்க்கிறேன். நீளத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதத்தை மாற்றுவதில்லை. துளைகள் உட்பட எல்லாவற்றையும் சிறு துண்டுகளாக (எலிமென்ட்) பிரித்து, அதாவது மெஷ் போட்டு, வளைவு விறைப்பைக் கணக்கிடுகிறேன்.

படித்ததெல்லாம் சொல்வது, பீம் சிறுக்கச் சிறுக்க வழக்கமான மீட்சிக் கோட்பாடு தரும் விடையைவிட விறைப்பு கூடும் என்பது. அந்தக் கூடுதலிலிருந்து ஒரு நீள அளவுருவை எடுத்து, திருத்திய கப்பிள் ஸ்ட்ரெஸ் (அளவு விளைவையும் சேர்த்துக்கொள்ளும் ஒரு மீட்சிக் கோட்பாடு) எலிமென்டில் போட்டுவிட்டால், துளைகளை மெஷ் போடாமலே பெரிய கட்டமைப்பைத் தீர்த்துவிடலாம். என் வழிகாட்டியும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்.

எனக்கு வருவது வேறு. பீமின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் துளைகளுக்கு இடைப்பட்ட திடப் பகுதியில் அமைந்தால், சிறிய பீம் விறைக்கிறது. அதே பொருளை அரைச் செல் நகர்த்தி, விளிம்பு துளைகளின் மையம் வழியே போகும்படி வெட்டினால், சிறிய பீம் தளர்கிறது. இரண்டாவது வெட்டுக்கு நீள அளவுருவைத் தேடினால் அதன் வர்க்கம் எதிர்மறையாக வருகிறது. அப்படி ஒரு நீளம் இருக்க முடியாது.

மைக்ரோபோலார், ஸ்ட்ரெயின் கிரேடியன்ட், இரண்டு அடுக்கு ஃபைனைட் எலிமென்ட் என்று நிறைய முறைகள் இருக்கின்றன. இவற்றில் எதை எடுத்தால் இது தீரும்?

மெஷ்மணி எழுதியது:

முறைக்குப் போகும் முன் அடிப்படையைச் சரிபாருங்கள். துளைகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய பகுதியில் எத்தனை எலிமென்ட் வைத்திருக்கிறீர்கள்? ஒரே ஒரு வரிசை நேரியல் நாற்கோண எலிமென்ட் வைத்தால் ஷியர் லாக்கிங் (எலிமென்ட் சரியாக வளைய முடியாமல் இறுகுவது) வந்து விறைப்பு பொய்யாக ஏறும். இருபடி எலிமென்ட் போட்டு, மெஷ்ஷைப் பாதியாக்கினாலும் விடை நகராத இடம் வரை போங்கள்.

இன்னொன்று, சுமை எப்படிக் கொடுக்கிறீர்கள்? மூன்று புள்ளி வளைவு என்றால் உருளை அழுத்தும் இடத்தில் அந்த ஒரு செல் தனியாக நசுங்கும். ஒரு செல் உயரமுள்ள பீமில் அந்த உள்ளூர் நசுங்கல் மொத்தத் தாழ்வில் பெரிய பங்கு எடுத்துக்கொள்ளும், எட்டு செல் பீமில் கண்ணுக்கே தெரியாது. அதை அளவு விளைவு என்று எண்ணிவிட வாய்ப்பு உண்டு. நான்கு புள்ளி வளைவில் நடுப்பகுதியின் வளைமையை மட்டும் எடுங்கள். அதைவிட நல்லது, ஒரே ஒரு செல் நீளத் துண்டை எடுத்து, இரு முனைகளிலும் காலமுறை எல்லை நிபந்தனையோடு (அதே செல் இருபுறமும் தொடர்வதுபோல்) தூய வளைவைக் கொடுப்பது.

நுண்ணமைப்பு எழுதியது:

மெஷ்மணி சொன்னது முதல் வேலை. அது ஆனபிறகும் குறி மாறாது என்பது என் ஊகம். காரணத்தைப் புரிந்துகொள்ள, கோட்பாடு எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

வழக்கமான மீட்சிக் கோட்பாட்டில் நீளம் என்று ஒன்று கிடையாது. யங் குணகம் அழுத்தத்தின் அலகில் வருகிறது, பாய்சான் விகிதத்துக்கு அலகே இல்லை. இரண்டையும் வைத்து எப்படிப் புரட்டினாலும் ஒரு மில்லிமீட்டரைப் பெற முடியாது. ஆகவே அந்தக் கோட்பாட்டுக்கு ஒரு செல் பீமும் நூறு செல் பீமும் ஒன்றுதான்.

1909-இல் கோசெரா சகோதரர்கள், யூஜினும் பிரான்சுவாவும், பொருளின் ஒவ்வொரு புள்ளிக்கும் இடப்பெயர்ச்சியோடு தனிச் சுழற்சியையும் கொடுத்தார்கள். சுழற்சி வந்ததும் திருப்புத்திறனைக் கடத்தும் ஒரு புதுத் தகைவு வேண்டும். அதுதான் கப்பிள் ஸ்ட்ரெஸ். விசைத் தகைவு சமச்சீராக இருக்க வேண்டிய கட்டாயமும் அதோடு போய்விட்டது. அரை நூற்றாண்டு யாரும் பெரிதாகத் தொடவில்லை. 1960-களில் டூபின், மிண்ட்லின், கோய்ட்டர், எரிங்கன் எல்லோரும் சேர்ந்தாற்போல் அதை எடுத்தார்கள். மிண்ட்லினின் 1964 கட்டுரையில் ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் தனியாக உருமாறும் ஒரு நுண்கனம் இருக்கிறது. எல்லாத் திசையிலும் ஒரே பண்புள்ள பொருளுக்கே 18 மாறிலிகள் வருகின்றன. கோசெராவின் தனிச் சுழற்சியை வைத்து எரிங்கன் வகுத்த மைக்ரோபோலாரில் அது ஆறு. யாங் குழுவினர் 2002-இல் முன்வைத்த திருத்திய கப்பிள் ஸ்ட்ரெஸ்ஸில் மூன்றுதான்: வழக்கமான இரண்டோடு ஒரு நீளம்.

ஒரே ஒரு நீளம் என்பதால்தான் இந்தக் கடைசிக் கோட்பாட்டை எல்லோரும் எடுக்கிறார்கள். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. திரிபு ஆற்றல் நேர்மறையாக இருக்க வேண்டும். வளைமைக்கோ சுழற்சிச் சரிவுக்கோ ஒரு கூடுதல் ஆற்றல் சேர்க்கிறோம். அது நேர்மறை, ஆகவே விறைப்பு கூடத்தான் முடியும். சிறிய பீம் தளர்வது இந்தக் கோட்பாடுகளின் வாய்ப்பாட்டிலேயே இல்லை. எலிமென்டை மாற்றியோ மென்பொருளை மாற்றியோ அதை வரவழைக்க முடியாது.

தேனடை எழுதியது:

மெஷ்மணி அண்ணா, நீங்கள் சொன்னபடி இருபடி எலிமென்ட் போட்டு, தூய வளைவு கொடுத்துப் பார்த்தேன். எண்கள் கொஞ்சம் நகர்ந்தன, குறி அப்படியே இருக்கிறது. திட விளிம்பு என்றால் விறைப்பு, துளை விளிம்பு என்றால் தளர்வு.

நுண்ணமைப்பு சார், அப்படியென்றால் எபாக்ஸி நுண்பீம் சோதனைகள்? லாம் குழு 2003-இல் வெளியிட்டது, தடிமன் 115 மைக்ரோமீட்டரிலிருந்து 20-க்குக் குறைந்தபோது வளைவு விறைப்பு சுமார் 2.4 மடங்கு ஆனது. இந்தத் துறையில் எல்லாக் கட்டுரையும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அடுக்கு எழுதியது:

தேனடை, கணினியை மூடிவிட்டு ஒரு தாளில் இந்தக் கணக்கைப் போடுங்கள். உங்கள் கேள்விக்கான விடையில் பெரும்பகுதி இதில் இருக்கிறது.

துளைகளை விட்டுவிட்டு அடுக்குப் பொருளை எடுத்துக்கொள்வோம். செல்லின் தடிமனில் பாதி விறைத்த பொருள், யங் குணகம் 3. மீதிப் பாதி மிருதுவான பொருள், யங் குணகம் 1. சராசரி 2. முதலில் விறைத்த அடுக்கு வெளியே வரும்படி செல்லை எடுங்கள்: மேலே கால் பங்கு விறைத்தது, நடுவே அரைப் பங்கு மிருது, கீழே கால் பங்கு விறைத்தது. வளைவில் தடிமனின் மூன்றாம் படி வருவதால், நடுவில் இருக்கும் அரைப் பங்கின் பொறுப்பு எட்டில் ஒன்றுதான். வெளியே இருப்பது எட்டில் ஏழு. 3-ஐ ஏழாலும் 1-ஐ ஒன்றாலும் பெருக்கிக் கூட்டி எட்டால் வகுத்தால் 2.75. சராசரியைவிட 37.5 சதவீதம் அதிகம்.

இப்போது அதே பொருளை அரைச் செல் நகர்த்தி, மிருதுவான அடுக்கு வெளியே வரும்படி எடுங்கள். விடை 1.25. சராசரியைவிட 37.5 சதவீதம் குறைவு. பொருள் அதேதான், விகிதாசாரமும் அதேதான்.

செல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் என்ன ஆகிறது? ஒவ்வொரு செல்லும் கொண்டுவரும் மிகை அதே அளவுதான், எனவே மொத்த மிகை செல் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் ஏறும். ஆனால் பீமின் விறைப்போ எண்ணிக்கையின் மூன்றாம் படியில் ஏறுகிறது. ஒன்றை ஒன்றால் வகுத்தால், சராசரிப் பொருளோடு ஒப்பிட்ட விகிதம்: 1-உடன் 0.375-ஐ எண்ணிக்கையின் வர்க்கத்தால் வகுத்துக் கூட்டியது. இரண்டு செல்லுக்கு 1.094, நான்குக்கு 1.023, எட்டுக்கு 1.006. மிருது வெளியே என்றால் கூட்டலுக்குப் பதில் கழித்தல்: 0.906, 0.977, 0.994.

இந்த வடிவத்தைக் கவனியுங்கள். திருத்திய கப்பிள் ஸ்ட்ரெஸ்ஸில் செவ்வகப் பீமின் விகிதமும் இதே வடிவம்தான்: 1-உடன், 6-ஐ ஒன்று கூட்டல் பாய்சான் விகிதத்தால் வகுத்து, நீள அளவுருவுக்கும் பீமின் உயரத்துக்கும் உள்ள விகிதத்தின் வர்க்கத்தால் பெருக்கிக் கூட்ட வேண்டும். பாய்சான் விகிதம் 0.3 என்று வைத்துப் பொருத்தினால், முதல் வெட்டுக்கு நீள அளவுரு செல் தடிமனில் 0.285 மடங்கு. கோடு அத்தனை துல்லியமாகப் பொருந்தும். பார்ப்பவர் கப்பிள் ஸ்ட்ரெஸ்ஸை நிரூபித்துவிட்டதாகவே நம்புவார். ஆனால் இந்தப் பொருளுக்குள் நாம் எந்தக் கப்பிள் ஸ்ட்ரெஸ்ஸையும் வைக்கவில்லை. சாதாரண யூலர் பீம் கணக்கு மட்டும்தான் போட்டோம். வெட்டை மாற்றியவுடன் அதே நீளத்தின் வர்க்கம் எதிர்மறையாகிவிடுகிறது.

மூன்றாவது வெட்டும் இருக்கிறது: மேலே விறைத்தது பாதி, கீழே மிருது பாதி. நடுநிலை அச்சு செல் தடிமனில் எட்டில் ஒரு பங்கு மேலே நகரும். அங்கே விகிதம் 1-இலிருந்து 0.1875 வகுத்தல் எண்ணிக்கையின் வர்க்கம் கழித்தால் கிடைப்பது. இதுவும் தளர்வுதான்.

பனங்கையை வீட்டுக் கூரைக்குப் பயன்படுத்தியவர்களுக்கு இது புதிதல்ல. வெளிப்புற வைரம் இருக்கும் வரைதான் அது சுமை தாங்கும். வைரத்தைச் சீவிவிட்டுச் சோற்றை மட்டும் வைத்தால் அதே மரம், அதே குறுக்களவு, வேறு பலம். உங்கள் பீமிலும் விளிம்பில் எது நிற்கிறது என்பதே கேள்வி.

கிளாஸ்கோவில் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வீல் குழுவினர் 2015-இல் இதையேதான் நேராகக் கேட்டார்கள்: சிறியது எப்போதும் விறைப்பானதா? அடுக்குப் பொருளிலும் துளைப் பொருளிலும், மேற்பரப்பு எங்கே அமைகிறது என்பதைப் பொறுத்து இரு திசையிலும் போகும் என்று காட்டினார்கள். நீங்கள் பார்ப்பது அதுவே.

எலும்பியல் எழுதியது:

என் வேலை எலும்பு மாதிரிகளோடு, எனவே சோதனைப் பக்கத்திலிருந்து கொஞ்சம்.

லேக்ஸ் என்ற ஆய்வாளர் 1980-களிலிருந்து வெவ்வேறு விட்டமுள்ள உருளைகளை முறுக்கியும் வளைத்தும், எலும்பிலும் நுரைப் பொருட்களிலும் மைக்ரோபோலார் மாறிலிகளை எடுத்திருக்கிறார். 2018-இல் ருகரோடு சேர்ந்து, முக்கோணச் செல்கள் கொண்ட பாலிமர்ப் பின்னலில் முறுக்கத்தில் சுமார் 36 மடங்கும் வளைவில் சுமார் 29 மடங்கும் விறைப்பு ஏறுவதை அளந்தார்கள். அந்த அளவு ஏற்றத்தை விளிம்பு வெட்டு ஒன்றை வைத்தே விளக்கிவிட முடியாது. அதனால் 'எல்லாம் மேற்பரப்புதான்' என்று அடித்துப் பேச வேண்டாம். உள்ளே உள்ள கம்பிகள் உண்மையாகவே வளைந்து திருப்புத்திறனைக் கடத்தும் அமைப்பு அது.

ஆனால் மறுபக்கமும் லேக்ஸின் வேலையிலேயே இருக்கிறது. 1994-இல் ஆண்டர்சனோடு ஆராய்ந்த பாலிமெத்தாக்ரிலிமைட் நுரையில், வெட்டியெடுக்கும்போது மேற்பரப்புச் செல்கள் சேதமாகி, சிறிய மாதிரி தளர்ந்தது. உள்ளே கோசெரா விறைப்பு, வெளியே சேதத் தளர்வு. இரண்டும் ஒரே அளவீட்டில் கலந்துவிடுகின்றன. பஞ்செலும்பிலும் அதுதான் எங்களுக்குப் பெரிய தலைவலி. உருளையாகத் துளையிட்டு எடுத்தால், ஓரத்தில் அறுபட்ட எலும்புக் கம்பிகள் ஒரு முனையில் தொங்கிக்கொண்டு சுமையே வாங்காது. மாதிரி சிறிதானால் அறுபட்டவற்றின் பங்கு கூடும்.

1975-இல் கோதியரும் ஜாஸ்மனும் எபாக்ஸியில் அலுமினியக் குண்டுகளைப் பதித்து, மைக்ரோபோலார் மாறிலிகளைத் தேடிப் போனார்கள். எதிர்பார்த்த விளைவு கிடைக்கவில்லை. அந்தக் கட்டுரையை ஒருமுறை படியுங்கள். வெறும் கையோடு திரும்பியதை அப்படியே எழுதியிருக்கிறார்கள், அதனாலேயே இன்றும் பயன்படுகிறது.

நுண்ணமைப்பு எழுதியது:

எபாக்ஸி பீம் பற்றித் தேனடை கேட்டது விட்டுப்போயிற்று. அங்கே நுண்ணமைப்பு என்று கண்ணுக்குத் தெரியும் செல் எதுவும் இல்லை, நீங்கள் கையாள்வதில் செல் கையில் இருக்கிறது. செல் தெரியும் பொருளில் ஒரு வசதி: நீள அளவுருவை ஊகிக்கத் தேவையில்லை, முழு மெஷ்ஷோடு ஒப்பிட்டுவிடலாம். அந்த வசதியை விட்டுவிட்டு, செல்லே இல்லாத பொருளின் சோதனையிலிருந்து கோட்பாட்டைக் கடன் வாங்குவது ஏன்?

பழைய_யுஇஎல் எழுதியது:

கேள்வி கணக்கீட்டு முறை பற்றியது, ஆகவே அதைச் சொல்கிறேன். அபாகஸ் என்ற ஃபைனைட் எலிமென்ட் மென்பொருளில் பயனர் எலிமென்டாக (யுஇஎல்) இவற்றில் பலவற்றை எழுதியிருக்கிறேன்.

ஸ்ட்ரெயின் கிரேடியன்ட் என்றால் ஆற்றலில் இடப்பெயர்ச்சியின் இரண்டாம் வகைக்கெழு வருகிறது. சாதாரண எலிமென்டில் எல்லை தாண்டும்போது சரிவு உடைகிறது, எனவே அது உதவாது. சரிவும் தொடர வேண்டும். ஆர்கிரிஸ் முக்கோணம் அதைக் கொடுக்கும், ஆனால் ஒரு மாறிக்கே 21 கட்டின்மை எண்கள் (தீர்க்க வேண்டிய அறியா எண்கள்), ஐந்தாம் படிப் பல்லுறுப்புக்கோவை. கையால் எழுதியவர்கள் அதை மறக்க மாட்டார்கள். இப்போது ஃபயர்டிரேக் என்ற மென்பொருளில் ஒரு வரியில் அழைத்துவிடலாம். ஹியூஸ் குழு 2005-இல் கொண்டுவந்த ஐசோஜியோமெட்ரிக் முறையில் (வடிவத்தை வரையும் ஸ்பிளைன்களையே கணக்கீட்டுக்கும் எடுப்பது) இருபடி ஸ்பிளைனே சரிவுத் தொடர்ச்சியைத் தந்துவிடுகிறது. செவ்வகப் பீமுக்கு அது அருமை. துளை, மூலை என்று பல துண்டுகளை ஒட்ட வேண்டி வந்தால், ஒட்டும் இடத்தில் சரிவு மறுபடி உடையும். அங்கே வேலை கூடும்.

கலப்பு முறை மூன்றாவது வழி. சுழற்சியையோ சரிவையோ தனி மாறியாக எடுத்து, லக்ராஞ்ச் பெருக்கியால் இடப்பெயர்ச்சியோடு கட்டுவது. ஷூ, கிங், ஃபிளெக் 1999-இல் இப்படித்தான் செய்தார்கள். சாதாரணத் தொடர்ச்சி போதும், ஆனால் எந்த மாறிக்கு எந்தப் படி என்பதைத் தப்பாக எடுத்தால் பெருக்கி அலைபாயும். பெருக்கிக்குப் பதில் பெரிய எண்ணால் தண்டம் (பெனால்டி) போடுகிறவர்களும் உண்டு. அந்த எண்ணைக் கூட்டக் கூட்ட லாக்கிங் வரும். மைக்ரோபோலாரில் இணைப்பு எண் என்று ஒன்று இருக்கிறது, 0-இலிருந்து 1 வரை. 0 என்றால் வழக்கமான மீட்சி, 1 என்றால் கப்பிள் ஸ்ட்ரெஸ். தண்டமுறை என்பது அதை 1-ஐ நோக்கித் தள்ளுவதே. மெல்லிய பீமில் டிமோஷென்கோ எலிமென்ட் இறுகுவது போல இதுவும் இறுகும்.

மைக்ரோபோலாரே எளிது. இருபரிமாணத்தில் நோடுக்கு (எலிமென்டுகள் இணையும் புள்ளிக்கு) மூன்று: இரண்டு இடப்பெயர்ச்சி, ஒரு சுழற்சி. முப்பரிமாணத்தில் ஆறு. சாதாரண வடிவச் சார்புகளே போதும். நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். ஆனால் பேட்ச் சோதனையை (விடை தெரிந்த எளிய நிலையைச் சில எலிமென்டுகள் சரியாகத் தருகின்றனவா என்று பார்ப்பது) சரியாக வைக்க வேண்டும். சீரான திரிபு மட்டும் கொடுத்துத் தேறிவிட்டது என்று நிறுத்தினால், சுழற்சிக்கும் இடப்பெயர்ச்சிக்கும் இடையிலான இணைப்பில் குறி தவறியிருந்தாலும் தெரியாது. சீரான வளைமையும், சமச்சீரற்ற தகைவும் வரும் நிலைகளையும் வையுங்கள்.

ரூவும் ஐஃபான்டிஸும் 1993-இல் சொன்ன பிரிப்பு முறையும் உண்டு. முதலில் வழக்கமான மீட்சியைத் தீர்த்து, அந்த விடையை ஒரு ஹெல்ம்ஹோல்ட்ஸ் வகைச் சமன்பாட்டில் உள்ளீடாகக் கொடுப்பது. நான்காம் படிக்குப் பதில் இரண்டு இரண்டாம் படி. விரிசல் முனையில் எல்லையில்லாமல் ஏறும் தகைவை மழுங்கடிக்க நன்றாக உதவும். பீமின் அளவு விளைவுக்கு நான் அதை எடுக்க மாட்டேன். இரண்டாவது சமன்பாட்டின் எல்லை நிபந்தனையை எப்படி வைக்கிறோம் என்பதே விடையின் பெரும்பகுதியைத் தீர்மானிக்கிறது, அதுவோ விளிம்பிலேயே நடக்கும் விஷயம்.

அரைத்தொடர்ச்சி எழுதியது:

யுஇஎல் அண்ணனோடு ஓரிடத்தில் மாறுபடுகிறேன். மைக்ரோபோலாரும் கப்பிள் ஸ்ட்ரெஸ்ஸும் பீம் சிறுக்கும்போது விறைப்பை எல்லையில்லாமல் ஏற்றும் வகையில் அமைகின்றன. அடுக்கு காட்டிய பொருளைப் பாருங்கள். பீம் முழுவதையும் விறைத்த பொருளாலேயே செய்தாலும் விகிதம் 1.5-ஐத் தாண்டாது. கப்பிள் ஸ்ட்ரெஸ் வாய்ப்பாடோ உயரத்தைக் குறைத்துக்கொண்டே போனால் 10, 100 என்று போகும். ஒரு செல்லுக்குக் கீழே அதற்குப் பொருள் இல்லை என்று சொல்லி ஒதுக்கலாம், ஆனால் மாறிலிகளைப் பொருத்தும்போது இந்தக் கட்டற்ற ஏற்றம் நுழைந்துவிடுகிறது.

நெஃபும் மற்றவர்களும் 2014-இல் முன்வைத்த தளர்த்திய மைக்ரோமார்ஃபிக் மாதிரியில் இது இல்லை. பெரிய அளவில் ஒரு விறைப்பு, சிறிய அளவில் இன்னொரு விறைப்பு, இரண்டுக்கும் நடுவே மட்டும் விடை நகரும். நுண் உருமாற்றத்தின் முழுச் சரிவையும் எடுக்காமல் அதன் கர்லை (சுழல் பகுதியை) மட்டும் ஆற்றலில் வைப்பதால், விளிம்பில் தொடுகோட்டுக் கூறு மட்டும் தொடர்ந்தால் போதும். மின்காந்தக் கணக்குகளுக்கு வந்த நெடெலெக் எலிமென்ட் இங்கே அப்படியே பொருந்துகிறது. ஃபெனிக்ஸ் மென்பொருளில் தயாராக இருக்கிறது.

இரண்டு அடுக்கு முறை பற்றி: குஸ்னெட்சோவா, கீர்ஸ், பிரெக்கல்மன்ஸ் 2002-இல் செய்த இரண்டாம் நிலை முறையில், பெரிய கணக்கின் ஒவ்வொரு ஒருங்கிணைப்புப் புள்ளியிலும் ஒரு செல்லைத் தீர்க்கிறோம், திரிபோடு அதன் சரிவையும் செல்லுக்குக் கொடுக்கிறோம். மாறிலிகளைக் கையால் பொருத்த வேண்டாம் என்பது அதன் பலம். ஆனால் செல்லுக்குப் பதில் நான்கு செல் சேர்ந்த கட்டத்தை எடுத்தால் நீள அளவுருவும் வளர்ந்துவிடும், பொருள் மாறாமலே. நுண்ணமைப்பே இல்லாத ஒரே சீரான பொருளைக் கொடுத்தாலும் ஒரு நீளம் வெளியே வரும். அந்தப் பகுதியைக் கழித்துத் திருத்துபவர்கள் இருக்கிறார்கள். திருத்தாமல் பயன்படுத்த வேண்டாம்.

பழைய_யுஇஎல் எழுதியது:

எல்லையற்ற ஏற்றம் பற்றிச் சொன்னது நியாயம். ஆனாலும் தளர்த்திய மாதிரியும் தேனடையின் இரண்டாவது வெட்டைக் காப்பாற்றாது. அதுவும் சிறிய பீமை விறைக்கத்தான் வைக்கும். மேற்பரப்பில் எந்த அடுக்கு நிற்கிறது என்ற தகவல் இந்த மாதிரிகள் எதற்குள்ளும் போகவில்லையே.

அரைத்தொடர்ச்சி எழுதியது:

சரி, அதை மறுக்கவில்லை.

அடுக்கு எழுதியது:

இங்கிருந்துதான் தேனடைக்கு வழி பிறக்கும் என்று நினைக்கிறேன். இரண்டு சோதனைகள் சொல்கிறேன், இரண்டும் முழு மெஷ் மாதிரியிலேயே செய்யலாம்.

முதலாவது இழுவிசை. வளைக்க வேண்டாம், பீமை நேராக இழுங்கள். சீரான இழுவையில் சுழற்சிச் சரிவும் இல்லை, திரிபுச் சரிவும் இல்லை. எனவே மைக்ரோபோலார், கப்பிள் ஸ்ட்ரெஸ், கிரேடியன்ட் எதுவும் அங்கே அளவு விளைவைச் சொல்லாது. உங்கள் துளைப் பீமில் இழுவையிலும் உயரத்தைப் பொறுத்து யங் குணகம் மாறினால், அந்த மாற்றம் மேற்பரப்பிலிருந்து வருகிறது, வேறெங்கிருந்தும் அல்ல. துளை மையம் வழியே வெட்டிய பீமில் விளிம்பிலுள்ள அரைத் துளைகளுக்கு நடுவே நிற்கும் பற்கள் சுமை வாங்காமல் நிற்கும். அதனால் அங்கே குறையும் என்று எதிர்பார்க்கிறேன். அலுமினிய நுரைகளில் ஆங்க் குழு 2001-இல் அச்சுவழி அழுத்தத்தில் பார்த்ததும் இந்த வகைதான். மாதிரி குறைந்தது ஆறேழு செல் அகலமாவது இருந்தால்தான் குணகம் நிலைக்கிறது. இழுவையில் மாற்றமே இல்லாவிட்டால் மேற்பரப்பு நிரபராதி என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். என் அடுக்குப் பீமில் இழுவையில் எந்த மாற்றமும் இல்லை, வளைவில் இரு குறியும் வந்தது.

இரண்டாவது, வரைபடம். வளைவு விறைப்பை உயரத்தின் மூன்றாம் படியால் வகுத்து, அதை உயரத்தின் வர்க்கத் தலைகீழுக்கு எதிரே குறியுங்கள். அடுத்து, உயரத்தின் தலைகீழுக்கு எதிரேயும் தனியாகக் குறியுங்கள். முதலாவதில் நேர்கோடு வந்தால், விளிம்பில் பொருள் கூடுதல் குறைவு இல்லை, இடம்தான் மாறியிருக்கிறது. இரண்டாவதில் நேர்கோடு வந்தால், விளிம்பில் சுமை தாங்கும் பொருளே கூடியோ குறைந்தோ இருக்கிறது. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் பொருத்தும் நீள அளவுரு, எந்த உயரங்களைச் சோதித்தோம் என்பதற்கேற்ப மாறிக்கொண்டே இருக்கும்.

கோடு எந்த வகையானாலும், அது அச்சைத் தொடும் இடம் எல்லையற்ற பீமின் குணகம். அதைத் தனியாக, காலமுறை எல்லை நிபந்தனையோடு ஒரே ஒரு செல்லைத் தீர்த்தும் எடுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மெஷ்ஷிலோ சுமையிலோ எங்கோ கோளாறு இருக்கிறது, அதைச் சரிசெய்யாமல் அடுத்த அடி வைக்க வேண்டாம்.

தேனடை எழுதியது:

அடுக்கு அக்கா, மிக்க நன்றி. முடிவுகளோடு வந்திருக்கிறேன்.

இழுவையில் துளை விளிம்புப் பீம் உயரம் குறையக் குறையத் தளர்கிறது. திட விளிம்புப் பீமும் மாறுகிறது, ஆனால் மிகக் குறைவாக. வளைவு வரைபடத்தில் துளை விளிம்புப் பீமின் புள்ளிகள் உயரத்தின் தலைகீழோடுதான் நேர்கோடாகின்றன, வர்க்கத்தோடு அல்ல. திட விளிம்புப் பீமில் வர்க்கத்தோடு நன்றாக அமைகின்றன. இரண்டு கோடும் அச்சைத் தொடுவது ஒரே இடத்தில். காலமுறை எல்லையோடு தீர்த்த செல்லின் குணகமும் அங்கேதான் இருக்கிறது. அதைப் பார்த்தபோது உண்மையில் நிம்மதியாக இருந்தது.

ஆக, இரண்டாவது வெட்டு ஒரு மேற்பரப்புச் சிக்கல். அதற்கு என்ன மாதிரி வைப்பது? வழிகாட்டி இன்னும் ஒரே எலிமென்ட் கேட்கிறார்.

நுண்ணமைப்பு எழுதியது:

கர்டினும் மர்டாக்கும் 1975-இல் வகுத்த மேற்பரப்பு மீட்சிக் கோட்பாடு இங்கே இயல்பாகப் பொருந்தும். மேற்பரப்புக்குத் தனி விறைப்பு, அதன் பங்களிப்பு உயரத்தின் தலைகீழில் வரும். மேற்பரப்பு தனியாக நிற்கும் பொருள் அல்ல, உள்ளிருக்கும் பொருளோடு ஒட்டியது. அதனால் அதன் விறைப்பு எதிர்மறையாகவும் இருக்கலாம், மொத்தம் நேர்மறையாக இருந்தால் போதும். உங்களுக்கு வேண்டிய தளர்வு அதிலிருந்து கிடைக்கும். எலிமென்டாகப் பார்த்தால், உள்ளே மைக்ரோபோலார் நாற்கோணம், விளிம்பில் அதே நோடுகளைப் பகிரும் ஒரு மெல்லிய கோட்டு எலிமென்ட். இரண்டையும் ஒரே பயனர் எலிமென்டுக்குள் வைத்துவிடலாம்.

ஆனால் மாறிலிகளை எடுக்கும் வரிசை முக்கியம். இழுவையிலிருந்து மேற்பரப்பு விறைப்பை முதலில் எடுத்து அசைக்காமல் வையுங்கள். அதன்பிறகே வளைவிலிருந்து உள்நீளத்தை எடுங்கள். எல்லாவற்றையும் ஒரே வளைவுத் தரவில் சேர்த்துப் பொருத்தினால், ஒன்று இன்னொன்றின் பிழையைத் தின்றுவிடும், அழகான கோடு கிடைக்கும், ஒன்றும் தெரியாது.

மெஷ்மணி எழுதியது:

தொழிற்சாலைப் பக்கத்திலிருந்து ஒரு வேண்டுகோள். பொருத்திய மாறிலிகளை, அவற்றைப் பொருத்தாத ஒரு சிக்கலில் போட்டுக் காட்டுங்கள். பக்கவாட்டில் பள்ளம் வெட்டிய பீம், அல்லது நடுவே பெரிய துளை உள்ள தட்டு. பெரிய துளையின் ஓரத்தில் வழக்கமான கோட்பாடு தகைவை மூன்று மடங்கு என்கிறது. கப்பிள் ஸ்ட்ரெஸ் சேர்ந்தால் அது குறைய வேண்டும் என்பது மிண்ட்லின் 1963-லேயே காட்டியது. முழு மெஷ்ஷும் உங்கள் எலிமென்டும் அங்கே எவ்வளவு நெருங்குகின்றன என்று பார்த்தால், அந்த எலிமென்டை நம்பி ஒரு பாகத்தை வடிவமைக்கலாமா என்று என்னைப் போன்றவர்கள் முடிவு செய்வோம். பீமில் எடுத்து பீமிலேயே சரிபார்த்த மாறிலியை யாரும் வேலைக்கு எடுக்க மாட்டார்கள்.

செலவுக் கணக்கையும் எழுதுங்கள். இன்றைய கணினியில் சில ஆயிரம் துளைகள் உள்ள இருபரிமாணக் கட்டமைப்பை முழு மெஷ்ஷாகவே தீர்த்துவிட முடிகிறது. அந்த அளவுக்குள் பொதுமைப்படுத்திய எலிமென்ட் எதற்கு என்று தேர்வாளர் கட்டாயம் கேட்பார். முப்பரிமாணப் பின்னலில் செல் எண்ணிக்கை லட்சங்களுக்குப் போகும்போதுதான் உங்கள் எலிமென்டின் அருமை தெரியும்.

எலும்பியல் எழுதியது:

முப்பரிமாணத்துக்குப் போகும்போது முறுக்கத்தையும் சேருங்கள். வளைவு ஒரு நீளத்தைத் தருகிறது, முறுக்கம் இன்னொன்றைத் தருகிறது. இரண்டும் சமமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. சதுரக் குறுக்குவெட்டில் நான்கு விளிம்பும் நான்கு மூலையும் வெளியே தெரிகின்றன, மூலைச் செல்களுக்கு இரண்டு பக்கம் அறுபட்டிருக்கும். அங்கே மேற்பரப்பு விறைப்பு மட்டும் போதாமல் மூலைக்கும் தனிக் கணக்கு தேவைப்படலாம்.

தேனடை எழுதியது:

வழிகாட்டியிடம் மூன்று வரைபடங்களையும் காட்டினேன். ஒரே எலிமென்ட் என்ற வற்புறுத்தலை விட்டுவிட்டார். அடுக்கு அக்காவின் அடுக்குப் பீம் கணக்கை ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில் வைக்கச் சொன்னார். இப்போதைய திட்டம்: உள்ளே மைக்ரோபோலார், விளிம்பில் மேற்பரப்பு எலிமென்ட், இழுவையிலிருந்து மேற்பரப்பு மாறிலி, திட விளிம்பு வளைவிலிருந்து உள்நீளம். துளை விளிம்பு வளைவை எதற்கும் பொருத்தாமல் கணிப்புக்காக மட்டும் ஒதுக்கி வைக்கிறேன். அது வந்தால், பெரிய துளை உள்ள தட்டுக்குப் போவேன்.

யுஇஎல் அண்ணா, சமச்சீரற்ற தகைவுக்கான பேட்ச் சோதனையில் உடல் திருப்புத்திறனை (பொருளின் கனம் முழுவதும் பரவிய திருப்புத்திறனை) எப்படிக் கொடுப்பது? நோடு சுமையாகவா, எலிமென்டுக்குள்ளா?

பழைய_யுஇஎல் எழுதியது:

எலிமென்டுக்குள் கொடுங்கள். சுழற்சிக்கான வடிவச் சார்புகளாலேயே ஒருங்கிணைத்து நோடுகளுக்குப் பகிர்ந்தால்தான் ஒழுங்கற்ற மெஷ்ஷிலும் சரியான விடை வரும். கையால் நோடுகளுக்குச் சமமாகப் பங்கிட்டால் ஒழுங்கான மெஷ்ஷில் தேறும், எலிமென்டுகள் கோணலானவுடன் தோற்கும். மெஷ்ஷை வேண்டுமென்றே கோணலாக்கி ஓட்டுங்கள், எட்டு எலிமென்ட் போதும். இரண்டாவது மாறுபாட்டில் இணைப்பு எண்ணை 0.99-க்குக் கொண்டுபோய் அதே சோதனையை மறுபடி ஓட்டுங்கள்.